முதல் ஏர்பிரஷ்: தன் பிழையைக் காட்டிக்கொடுக்கும் கருவியே இளையோருக்கு ஏற்றது

பதின்மூன்று வயதான என் அண்ணன் மகன் மூன்று மாடல் விமானங்களைத் தூரிகையால் வண்ணமிட்டு முடித்துவிட்டு, நான்காவதாக எடுத்துக்கொண்ட 1/72 அளவு ஸ்பிட்ஃபயர் என்ற பிரிட்டிஷ் போர் விமானத்தை, காற்றழுத்தத்தால் வண்ணத்தைத் தூவும் பேனா போன்ற கருவியான ஏர்பிரஷால்தான் முடிப்பேன் என்று உறுதியாக நின்றான். அவன் சொன்ன காரணம் சரியானது. அந்த விமானத்தின் இறக்கை நுனிக்கு நுனி 11.23 மீட்டர்; அது இந்த அளவில் ஏறத்தாழ 15.6 சென்டிமீட்டராகச் சுருங்குகிறது. மாடலின் மீது ஒரு மில்லிமீட்டர் என்பது உண்மையான விமானத்தில் 7.2 சென்டிமீட்டர். தூரிகை விட்டுச்செல்லும் வரிகள் அந்தக் கணக்கில் வயல் வரப்புகளைப் போலத் தெரியும். ஆகவே எதை வாங்கித் தருவது என்று நாங்கள் இருவரும் சில வாரங்கள் ஒப்பிட்டுப் பார்த்தோம். அந்த ஒப்பீட்டையும், அதன்பின் அவன் கற்றுக்கொண்டதைப் பார்த்து நான் திருத்திக்கொண்ட கருத்துகளையும் இங்கே எழுதுகிறேன்.

விலையையும் வசதியையும் தாண்டி நான் ஒரே ஓர் அளவுகோலை முன்வைக்கிறேன்: வண்ணம் கெட்டுப்போகும்போது, அது ஏன் கெட்டது என்பதைத் தொடக்கநிலையில் உள்ள சிறுவனோ சிறுமியோ தானே கண்டுபிடிக்க முடிகிறதா? ஏர்பிரஷில் காற்றின் அழுத்தம், வண்ணத்தின் நீர்மை, பரப்பிலிருந்து உள்ள தூரம், கை நகரும் வேகம், விரலால் இயக்கும் விசையின் நிலை ஆகிய ஐந்தும் ஒரே நேரத்தில் மாறிக்கொண்டிருக்கின்றன. இவற்றில் கருவியே ஒன்றிரண்டைச் சொல்லாமல் மாற்றிக்கொண்டிருந்தால், பிள்ளை தன் கையைத்தான் குறை சொல்லிக்கொள்ளும். இரண்டு மாதத்தில் கருவி அலமாரிக்குப் போய்விடும்.

முதலில், ஏர்பிரஷ் தேவைதானா என்பதையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். ஒரே நிறம் கொண்ட கார் மாடல்களுக்கு டாமியா நிறுவனத்தின் டி.எஸ். வரிசை போன்ற கேன் ஸ்பிரே போதும். 100 மில்லி கொண்ட ஒரு கேன், பிரைமர் என்ற அடிப்பூச்சு அடித்த காரின் மேற்கூட்டைப் பளபளப்பாக முடித்துத் தரும். ஆனால் கேனில் வண்ணம் வெளிவரும் அளவை மாற்ற முடியாது. 1/72 விமானத்தின் மீது அது மிகுதியாகப் பொழிந்து, தகடுகளின் இணைப்புகளைக் குறிக்கும் நுண்ணிய கோடுகளை மூடிவிடுகிறது. ஸ்பிட்ஃபயரின் மேற்புறத்தில் உள்ள பழுப்பு, பச்சைத் திட்டுகள் ஒன்றோடொன்று மெல்லக் கலக்கும் விளிம்பைக் கேனால் வரையவும் முடியாது. விமானமும் பீரங்கி வண்டியும் செய்ய விரும்பும் பிள்ளைக்கு ஏர்பிரஷ் உண்மையிலேயே பயன் தரும்; கார் மட்டும் செய்யும் பிள்ளைக்கு அந்தப் பணத்தில் இன்னும் சில கிட்டுகளை வாங்கித் தருவது நல்லது.

இனி முக்கியமான போட்டிக்கு வருவோம். சிங்கிள் ஆக்‌ஷன் ஏர்பிரஷில் விசையை அழுத்தினால் காற்றும் வண்ணமும் சேர்ந்தே வருகின்றன. எவ்வளவு வண்ணம் வர வேண்டும் என்பதை ஒரு திருகைத் திருப்பி முன்கூட்டியே வைத்துவிட வேண்டும். பேட்ஜர் 350, பாஷி எச் ஆகியவை இந்த வகைக்கு நெடுநாளைய உதாரணங்கள். இவை இரண்டிலும் காற்றும் வண்ணமும் கருவிக்கு வெளியே, முனைக்கு முன்னால்தான் கலக்கின்றன. அதனால் உள்ளே அடைத்துக்கொள்ளும் இடங்கள் குறைவு, கழுவுவது எளிது. டபுள் ஆக்‌ஷன் வகையில் விசையைக் கீழே அழுத்தினால் காற்று மட்டும் வருகிறது, பின்னால் இழுக்க இழுக்க, முனைத் துளையை அடைத்திருக்கும் ஊசி பின்வாங்கி வண்ணம் வருகிறது. ஒரே விரல் இரண்டு வேலைகளைச் செய்ய வேண்டும்.

“பிள்ளைகளுக்குச் சிங்கிள் ஆக்‌ஷன்தான் எளிது, முதலில் அதைக் கொடுங்கள், பிறகு மாறிக்கொள்ளலாம்” என்ற அறிவுரையை ஏறக்குறைய எல்லோரும் சொல்கிறார்கள். என் அளவுகோலின்படி பார்த்தாலும் முதல் பார்வையில் அது சரியாகவே தோன்றும், ஏனெனில் மாறிக்கொண்டிருக்கும் ஐந்து விஷயங்களில் ஒன்றை அது நிலைநிறுத்திவிடுகிறது. ஆயினும் நான் இந்த அறிவுரையை ஏற்கவில்லை. சிங்கிள் ஆக்‌ஷனில் காற்று தொடங்கும் கணத்திலேயே வண்ணமும் தொடங்கிவிடுவதால், ஒவ்வொரு வீச்சின் தொடக்கத்திலும் முடிவிலும் ஒரு பொட்டு விழும் அபாயம் இருக்கிறது. அனுபவமுள்ளவர்கள் மாடலுக்கு வெளியே தொடங்கி வெளியே முடித்து இதைத் தவிர்க்கிறார்கள். ஆனால் வளைந்து நெளியும் திட்டு ஒன்றை இறக்கையின் நடுவில் வரைய வேண்டிய சிறுவனுக்கு அந்த வழி இல்லை. வெளியே கலக்கும் வகையில் துளிகளும் சற்றுப் பெரியவை. பரப்பு மணல்போலச் சொரசொரப்பாக அமையும்போது, அது கருவியின் இயல்பா, தான் வண்ணத்தைக் கரைத்ததில் உள்ள பிழையா என்று அவனால் பிரித்தறிய முடியாது.

டபுள் ஆக்‌ஷனில் பழக வேண்டிய ஒழுங்கு ஒன்று உண்டு: முதலில் காற்று, பிறகு வண்ணம், முடிக்கும்போது முதலில் வண்ணத்தை நிறுத்தி, அதன்பின் காற்றை விட வேண்டும். விசையைப் பின்னால் வைத்தபடியே சட்டென்று விரலை எடுத்துவிட்டால், முனையில் தேங்கும் வண்ணம் அடுத்த அழுத்தத்தில் துப்பலாகத் தெறிக்கும். இந்தத் தெறிப்பு எரிச்சலூட்டுவதுதான். ஆனால் அது எப்போதும் ஒரே காரணத்தால் வருவதால், இரண்டாவது நாளிலேயே பிள்ளைக்குப் புரிந்துவிடுகிறது. மேலும், சில டபுள் ஆக்‌ஷன் கருவிகளின் பின்புறக் கைப்பிடியில், ஊசி எவ்வளவு தூரம் பின்வாங்கலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் திருகு ஒன்று இருக்கிறது. அதைச் சற்று இறுக்கி வைத்தால், விசையை முழுவதும் இழுத்தாலும் குறிப்பிட்ட அளவுக்கு மேல் வண்ணம் வராது. சிங்கிள் ஆக்‌ஷனின் பாதுகாப்பு அப்படியே கிடைக்கிறது. கை பழகப் பழக ஒவ்வொரு வாரமும் அரைச் சுற்றுத் தளர்த்திக்கொண்டே போகலாம். இந்தத் திருகு உள்ள கருவியை மற்ற எல்லாச் சிறப்பம்சங்களுக்கும் முன்னால் தேடுங்கள் என்பதே என் பரிந்துரை.

வண்ணம் எங்கிருந்து வருகிறது என்பதில் நீண்ட விவாதம் தேவையில்லை. மேலே கிண்ணம் உள்ள வகையில் வண்ணம் தன் எடையாலேயே இறங்குகிறது. பத்துச் சொட்டுகள் இருந்தாலும் வேலை நடக்கும், குறைந்த அழுத்தத்திலும் சீராக வரும். அடியில் புட்டி தொங்கும் வகைக்கு உறிஞ்சி இழுக்க அதிக அழுத்தமும், குழாயை நிரப்ப அதிக வண்ணமும் வேண்டும். சிறிய மாடலுக்குக் கிண்ணமே போதும். முனைத் துளையைப் பொறுத்தவரை 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர் வரை உள்ளவை பொருத்தமானவை. 0.2 மில்லிமீட்டர் நுண்மையாக வரையும் என்று ஆசைப்பட்டு வாங்கினால், சரியாகக் கரையாத வண்ணத்தின் ஒரு துகள்கூட அதை அடைத்துவிடும்.

ஆனால் பெற்றோர் பெரும்பாலும் சறுக்குவது கருவியில் அல்ல, காற்றில்தான். இப்போது சந்தையில் மிகுதியாகக் கிடைப்பது, பேனாவின் அடியிலேயே சிறிய மோட்டாரும் பேட்டரியும் பொருத்திய கம்பியில்லா வகை. ஒலி குறைவு, இடம் அடைக்காது, விலையும் குறைவு என்பதால் பிறந்தநாள் பரிசுக்கு அதுதான் முதலில் கண்ணில் படுகிறது. இவற்றில் பலவற்றுக்கு அழுத்தத்தை நுணுக்கமாகக் குறைக்கும் வசதியும் இல்லை, அழுத்தம் எவ்வளவு என்று காட்டும் மானியும் இல்லை. காற்றைத் தேக்கி வைக்கும் கலம் இல்லாததால் மோட்டாரின் துடிப்பு அப்படியே கோட்டில் தெரிகிறது. பேட்டரி தளரும்போது அழுத்தமும் தளர்கிறது. காலையில் சரியாக வந்த வண்ணம் மாலையில் புள்ளி புள்ளியாக விழுந்தால் காரணம் எது? பிள்ளைக்குத் தெரியாது, பார்த்துக்கொண்டிருக்கும் பெரியவருக்கும் தெரியாது.

அழுத்தப்பட்ட வாயு அடைத்த கேன்களும் இதே குறைபாடு உடையவை. உள்ளே திரவமாக இருக்கும் வாயு ஆவியாகும்போது கேன் குளிர்ந்து, பயன்படுத்திக்கொண்டிருக்கும்போதே அழுத்தம் இறங்கிவிடுகிறது. தவிர, அவை தீர்ந்துகொண்டே இருப்பதால் சில மாதங்களில், காற்றை அழுத்தித் தரும் இயந்திரமான கம்ப்ரசரின் விலைக்கே வந்து நிற்கும்.

இவற்றோடு ஒப்பிடும்போது, மூன்று லிட்டர் கலத்தோடு கூடிய எண்ணெயில்லா பிஸ்டன் கம்ப்ரசர் கனமானது, விலை கூடியது, மேசைக்கடியில் இடமும் கேட்கிறது. ஆனால் இந்த வகையில் பலவும் கலத்தில் 4 பார் அழுத்தம் சேர்ந்ததும் தானே நின்று, 3 பாருக்கு இறங்கியதும் மீண்டும் ஓடத் தொடங்குகின்றன. நடுவில் உள்ள, அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் மூலம் 15 முதல் 20 பி.எஸ்.ஐ. (ஏறத்தாழ 1 முதல் 1.4 பார்) வரை எதை வைத்தாலும் அது அங்கேயே நிற்கிறது. அழுத்தம் என்ற ஒன்று மாறாமல் நிற்கும்போதுதான் மற்ற நான்கையும் கற்க முடியும். இரண்டில் ஒன்றைத்தான் உயர்தரமாக வாங்கப் பணம் போதும் என்றால், நடுத்தர விலையில் ஒரு பேனாவும் நல்ல கம்ப்ரசரும் வாங்குங்கள். பேனாவைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

கடலோர ஊர்களில் வசிப்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். காற்றை அழுத்தும்போது அது சூடாகிறது. கலத்திலும் குழாயிலும் குளிரும்போது அதிலுள்ள ஈரம் நீராகப் பிரிகிறது. சென்னையில் ஐப்பசி, கார்த்திகை மழைநாள் ஒன்றில், அரைமணி நேரம் வண்ணமடித்தபின் குழாயில் சேர்ந்த நீர் ஒரு சொட்டாக இறக்கையின் மீது தெறித்து, பாதி முடிந்திருந்த பச்சை நிறத்தைக் கரைத்துவிட்டது. ரெகுலேட்டரோடு வரும் நீர் பிடிக்கும் குடுவையைத் தவிர, பேனாவுக்குச் சற்று முன்னால் குழாயில் இன்னொரு சிறிய குடுவையைப் பொருத்திய பிறகு அந்தத் தொல்லை நின்றது. கலத்தின் அடியிலுள்ள திருகைத் திறந்து நீரை வடிப்பதையும் ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டும்.

வண்ணங்களில் மூன்று அணிகள் உண்டு. மிஸ்டர் கலர் போன்ற, வீரியமான கரைப்பான் கொண்ட லாக்கர் வகை, கையில் உள்ள பல குறைகளை மன்னித்துவிடும்: மிக மெல்லிய படலமாக விழுகிறது, விரைவில் காய்கிறது, பிளாஸ்டிக்கை இறுகப் பற்றிக்கொள்கிறது, முனையில் உறைவதும் அரிது. முடிவின் அழகை மட்டும் பார்த்தால் அதற்கே முதலிடம். டாமியாவின் எக்ஸ்.எஃப். வரிசை அக்ரிலிக்கை, ஆல்கஹால் சார்ந்த எக்ஸ்-20ஏ தின்னரில் (வண்ணத்தை நீர்க்கச் செய்யும் திரவம்) சரிக்குச் சரியாகவோ இன்னும் சற்று மெல்லியதாகவோ கரைத்தால் ஏறத்தாழ அதே அளவு பணிவாக நடந்துகொள்கிறது. வல்லேஹோ மாடல் ஏர் போன்ற நீர் சார்ந்த அக்ரிலிக்தான் மூன்றிலும் முரண்டு பிடிப்பது. அது ஊசி முனையில் காய்ந்து அடைக்கும், பிரைமர் இல்லாமல் அடித்தால் மறைப்பு டேப்போடு உரிந்து வந்துவிடும், ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் கரைத்தால் திரிந்து கட்டியாகிவிடும்.

இத்தனை குறை சொல்லியும், பிள்ளையின் கையில் முதலில் நான் கொடுப்பது அந்த நீர் சார்ந்த வகையைத்தான். முனையில் காய்ந்த வண்ணம் கண்ணுக்குத் தெரிகிறது. ஈரமான பஞ்சுக்குச்சியால் துடைத்தால் போய்விடுகிறது. லாக்கரின் தீங்கோ கண்ணுக்குத் தெரியாதது. தூசியைத் தடுக்கும் என்95 வகை முகமூடி துளிகளைத்தான் பிடிக்கும், கரைப்பான் ஆவியைப் பிடிக்காது. அதற்குக் கரியடைத்த கார்ட்ரிட்ஜ் கொண்ட சுவாசக் கவசம் வேண்டும். அந்தக் கவசங்கள் பெரியவர்களின் முக அளவுக்குச் செய்யப்பட்டவை. பதின்மூன்று வயது முகத்தில் விளிம்பு சரியாகப் படியாவிட்டால் ஆவி பக்கவாட்டில் நுழைந்துவிடும். இதில் எனக்குச் சமரசம் கிடையாது. டாமியா அக்ரிலிக்கை, வெளியே காற்றைத் தள்ளும் விசிறி பொருத்திய ஸ்பிரே பெட்டி வந்தபின், பெரியவர் ஒருவர் உடனிருக்கும்போது தொடங்கலாம். நீர் சார்ந்த வண்ணத்தின் மூடுபனியையும் நுரையீரலுக்குள் விடக் கூடாது. அதற்குத் துகள் முகமூடியும் திறந்த சன்னலும் அவசியம்.

கழுவுவதிலும் கருவிக்குக் கருவி வேறுபாடு உண்டு. இவாட்டா நியோ சி.என். போன்றவற்றில் முனை என்பது சிறு திருகாணி. அதைச் சிறிய ஸ்பேனரால் கழற்றி மாட்ட வேண்டும். அளவுக்கு மேல் இறுக்கினால் மரை அறுந்து, பாதி உள்ளேயே தங்கிவிடும். என் முதல் கருவியை நான் அப்படித்தான் இழந்தேன். ஹார்டர் அண்டு ஸ்டீன்பெக் கருவிகளில் முனையைத் திருக வேண்டியதில்லை. செருகி, மூடியைக் கையாலேயே இறுக்கினால் போதும். அவற்றின் விலை கூடுதல்தான், ஆயினும் அவசரக் கைகளுக்கு இந்த அமைப்பு மிகவும் பாதுகாப்பானது. திருகு முனை உள்ளதையே வாங்கினால், முதல் சில மாதங்களுக்கு முனையைக் கழற்றும் வேலையைப் பெரியவர் செய்யட்டும். ஊசியைப் பின்வழியாக உருவித் துடைப்பதைப் பிள்ளையே செய்யலாம்.

எல்லாம் வந்து சேர்ந்தபின்னும் ஸ்பிட்ஃபயரை உடனே தொடவில்லை. முதல் வாரம் முழுவதும் கிண்ணத்தில் சமையலறை உணவுச் சாயம் கலந்த நீரும், மேசையில் பழைய செய்தித்தாளும்தான். அவன் பாட்டி வாசலில் கோலம் போடுவதைப் போல நேர்நேராகப் புள்ளிகள் வைத்து, பிறகு அவற்றை இணைத்துக் கோடிழுக்கச் சொன்னேன். புள்ளி சரியாக விழ விசையின் கட்டுப்பாடு வேண்டும். கோடு சீராக வர, வண்ணம் வருவதற்கு முன்பே கை நகரத் தொடங்கியிருக்க வேண்டும். மிக அருகில் சென்றால் நீர் சிலந்திக்கால்களாகப் பிரிந்து ஓடுகிறது, விலகினால் கோடு அகன்று மங்குகிறது. இரண்டாவது வாரம் பிரைமர் அடித்த பிளாஸ்டிக் கரண்டிகளுக்கு மாறினோம், அவற்றின் வளைவு விமான உடலின் வளைவைப் போன்றது. ஒவ்வொரு கரண்டியின் பின்புறத்திலும் அழுத்தம் எவ்வளவு, தின்னர் எத்தனை சொட்டு என்று பேனாவால் எழுதி வைத்தான். பதினேழாவது கரண்டியில் பழுப்பின் மீது பச்சை, இரண்டு மில்லிமீட்டர் மென்மையான விளிம்போடு படிந்தது. அதில் 16 பி.எஸ்.ஐ., மூன்று சொட்டு என்று எழுதியிருந்தான். மறுநாள் ரெகுலேட்டரை அதே எண்ணில் வைத்துவிட்டு, இறக்கைகளை மேசைக்கு எடுத்து வந்தான்.