எம்.எஃப்.எம்-32: நடை நின்ற பிறகும் அளக்கத் தெரிந்த அளவுகோல்

மரபுவழித் தசைநோய் உள்ளவர்களை ஆண்டுக்கணக்கில் கவனித்து வருபவர்களுக்கு, தசை வலுவை மட்டும் அளந்தால் போதாது என்பது விரைவிலேயே புரிந்துவிடும். விரல்களின் வலு எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதைவிட, அந்த விரல்களால் மேசையில் கிடக்கும் நாணயத்தை எடுக்க முடிகிறதா என்பதே நோயாளிக்கும் வீட்டாருக்கும் வேண்டிய செய்தி. பிரான்சின் லியோன் நகர மருத்துவக் குழுவின் முன்னெடுப்பில் உருவாகி 2005-இல் வெளியான எம்.எஃப்.எம்-32 (மோட்டார் ஃபங்ஷன் மெஷர்) என்ற இயக்கத்திறன் அளவுகோல் அந்தச் செய்தியைத்தான் தேடுகிறது. இயன்முறை மருத்துவப் பணியில் இதைத் தொடர்ந்து பயன்படுத்துபவன் என்ற முறையில் நான் இதை நம்புகிறேன். இது கடைசியில் தரும் ஒற்றை எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு பேசுபவர்களைத்தான் நம்புவதில்லை.

இதில் 32 பணிகள் உண்டு. ஒவ்வொரு பணிக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண்: தொடங்கவே முடியாவிட்டால் 0, இயல்பாகச் செய்து முடித்தால் 3. ஒவ்வொன்றையும் இருமுறை முயலலாம். சிறந்த முயற்சியே கணக்கில் சேரும். நிற்பதும் இடம் மாறுவதும் 13 பணிகள், உடற்பகுதியும் தோள், இடுப்பை ஒட்டிய இயக்கங்களும் 12, கை கால் நுனிகளின் இயக்கம் 7. இந்த மூன்றாம் பிரிவுதான் அளவுகோலின் உயிர். பத்து நாணயங்களை ஒவ்வொன்றாக எடுத்து அதே கையில் சேர்த்துக்கொள்ள வேண்டும். நான்காக மடித்த தாளை மடிப்பின் பக்கமிருந்து கிழிக்க வேண்டும். அட்டையில் ஒட்டிய குறுந்தகட்டின் விளிம்பை விரலால் சுற்றி வர வேண்டும். (குறுந்தகட்டையே பார்த்திராத குழந்தைகள் இப்போது வருகிறார்கள், அது என்ன என்று விளக்குவதிலேயே சற்று நேரம் போய்விடுகிறது.) விரல் விளிம்பில் நகரும்போது தோள் உயர்கிறதா, உடல் ஒரு பக்கம் சாய்கிறதா, மறு கை தாங்க வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தால், பலவீனத்தை உடல் எந்த வழியில் ஈடுகட்டுகிறது என்பது தெரிந்துவிடும். 2-க்கும் 3-க்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் அந்த ஈடுகட்டலில்தான் இருக்கிறது.

டுஷேன் தசைச்சிதைவு இருந்தும் இன்னும் நடக்கிற சிறுவர்களுக்கு, 17 பணிகளும் 34 மதிப்பெண்களும் கொண்ட நார்த் ஸ்டார் அளவுகோல் இதைவிடச் சுருக்கமானது, கூர்மையானதும்கூட. ஆனால் நடை நின்றதும் அதற்கு வேலை இல்லாமல் போகிறது. எம்.எஃப்.எம்-32 சக்கர நாற்காலியில் அமர்ந்தவரிடமும் கேட்பதற்குப் போதுமான கேள்விகளை வைத்திருக்கிறது.

குறை, கணக்கிடும் முறையில் இருக்கிறது. மொத்த மதிப்பெண்ணான 96-ஐ நூற்றுக்கு மாற்றித் தருகிறார்கள். முதல் பிரிவில் ஒன்றுமே பெறாத ஒருவர் மற்ற இரண்டிலும் முழுமையாகப் பெற்றால் 59-ஐத் தாண்டிவிடுவார். தட்டுத் தடுமாறி நடக்கிற, கைகள் தளர்ந்த வேறொருவரும் அதே எண்ணில் வந்து நிற்கக்கூடும். ஒரே ஒரு பணியில் ஒரு படி ஏறினால் கூடுவது 1.04 புள்ளி. முதுகுத் தண்டுவடத் தசைநலிவு நோயில் நடக்க இயலாத, 2 முதல் 25 வயது வரையிலான 180 பேரிடம் ரிஸ்டிப்லாம் மருந்தைச் சோதித்த சன்ஃபிஷ் ஆய்வு இந்த அளவுகோலையே முதன்மையாகக் கொண்டது. 12 மாத முடிவில் மருந்து பெற்றோருக்கும் போலி மருந்து பெற்றோருக்கும் இடையிலான சராசரி வேறுபாடு 1.55 புள்ளிகள். இருந்த திறன் நழுவாமல் நிற்பதே ஆதாயம் என்கிற நோயில் அது அற்பமன்று. ஆயினும் தனி ஒருவரின் அறிக்கையில் அதே அளவு ஏற்ற இறக்கத்தைக் கண்டு மகிழ்வதற்கோ கலங்குவதற்கோ முன், எந்தப் பணியில் மாறியது என்று பார்த்தாக வேண்டும்; அன்றைய களைப்பே அந்த அளவு மாற்றத்துக்குப் போதும். மூன்று பிரிவுகளின் விழுக்காட்டையும் தனித்தனியே எழுதித் தராத அறிக்கையை நான் முழுமையானதாகக் கொள்வதில்லை.

செலவு பெரிதன்று: விரிப்பு, மேசை, நாற்காலி, டென்னிஸ் பந்து, நேரங்காட்டி, நாணயங்கள் போன்றவை போதும், கையேடும் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் கையேட்டைப் படித்த மாத்திரத்தில் மதிப்பெண் போடத் தொடங்கக் கூடாது, பயிற்சி அவசியம். முழுச் சோதனைக்கு அரை மணி நேரமோ அதற்கு மேலோ பிடிக்கும் என்பதால், எளிதில் சோர்கிற நோயாளிக்கு இடையிடையே ஓய்வு கொடுக்க வேண்டியிருக்கும். சிறு குழந்தைகளுக்கு 20 பணிகள் கொண்ட சுருக்க வடிவம் உண்டு. தலை நிற்காத கைக்குழந்தைக்கு அதுவும் பொருந்தாது. முதுகுத் தண்டுவடத் தசைநலிவு நோயுள்ள அத்தகைய குழந்தைகளுக்கென்றே உருவான சாப் இன்டெண்ட் அளவுகோலைத்தான் எடுக்க வேண்டும்.