விஷவாயு செய்த இடத்தில் காட்டெருமை பார்த்தோம் (டென்வர், ராக்கி மவுண்டன் ஆர்சனல்)

அமெரிக்காவின் டென்வருக்கு யார் வந்தாலும் மலைக்குத்தான் கூட்டிப்போவார்கள். அப்பாவுக்கு மேலே ஏறினால் மூச்சு வாங்கும், அம்மாவுக்கு முழங்கால். அதனால் ராக்கி மவுண்டன் ஆர்சனல் வனவிலங்குச் சரணாலயத்துக்குப் போனோம். கட்டணம் இல்லை. 11 மைல் பாதையைக் காரில் உட்கார்ந்தபடியே சுற்றி வரலாம், காட்டெருமை (அமெரிக்க பைசன்) திரியும் பகுதியில் இறங்கவே கூடாது. ஒரு பெரிய காட்டெருமை ரோட்டுக்கு நடுவில் வந்து நின்றுகொண்டு நகரமாட்டேன் என்றது, பின்னால் தூரத்தில் டென்வரின் உயரமான கட்டடங்கள். "நம்ம ஊர் மாடும் இப்படித்தானே நிக்கும்" என்றார் அம்மா.

சரி, இடத்தின் கதைக்கு வருகிறேன். 1942-ல் அமெரிக்க ராணுவம் இங்கே மஸ்டர்ட் கேஸ் என்ற விஷவாயுவைச் செய்ய ஆரம்பித்தது, ஐம்பதுகளில் நரம்பைத் தாக்கும் சரின். கூடவே ஷெல் கம்பெனி 1982 வரை அதே வளாகத்தில் பூச்சிமருந்து தயாரித்தது. கழிவைக் கொட்ட 93 ஏக்கரில் தார் பூசிய குட்டை ஒன்று, அதற்கு பேசின் எஃப் என்று பெயர். அதுவும் போதாமல் 12,000 அடிக்கு மேல் ஆழமாகக் கிணறு தோண்டி 1962 முதல் கழிவுநீரை உள்ளே அழுத்தினார்கள். டென்வரில் பூமி குலுங்க ஆரம்பித்தது! 1966-ல் நிறுத்தினார்கள், நிறுத்திய பிறகும் அடுத்த வருஷம் பெரிதாகவே ஒரு நடுக்கம் வந்தது.

1986 வாக்கில் குளிர்காலத்தில் வெண்தலைக் கழுகுகள் இங்கே வந்து தங்குவதைக் கண்டுபிடித்தார்கள். யாரும் நுழையாத இடம், கழுகுக்கு வேறென்ன வேண்டும். 1992-ல் சரணாலயமாக்கச் சட்டம் வந்தது, விஷம் ஊறிய மண்ணின் துப்புரவு 2010-ல் முடிந்தது, செலவு சுமார் 210 கோடி டாலர்.

இதையெல்லாம் சொல்லிக்கொண்டே ஓட்டினேன். பொதுப்பணித் துறையில் வேலை பார்த்த அப்பா கேட்டது ஒன்றே ஒன்று: "அந்த மண்ணை எங்கேப்பா கொண்டுபோய்க் கொட்டினாங்க?"

எங்கேயும் கொண்டுபோகவில்லை. மோசமான மண்ணில் பெரும்பகுதி அங்கேயே கட்டிய குப்பைக்கிடங்குகளில், அல்லது கனமான மண்மூடிக்கு அடியில் கிடக்கிறது. பிரெய்ரி நாய் (பெயர்தான் நாய், பார்க்க அணிலின் பெரியப்பா மாதிரி) வளை தோண்டி உள்ளே போய்விடாமல் இருக்க உடைத்த கான்கிரீட்டை ஓர் அடுக்காகப் பரப்பியிருக்கிறார்கள். அந்த நிலம் இன்னும் ராணுவத்தின் கையில்தான். நிலத்தடி நீரை இறைத்துச் சுத்திகரிப்பதும் நின்றபாடில்லை. ஏரியில் தூண்டில் போடலாம், ஆனால் பிடித்த மீனை விட்டுவிட வேண்டும், சாப்பிடக்கூடாது. வீடு கட்டவும் பயிர் வைக்கவும் அனுமதி கிடையாது. காரில் சுற்றிப் பார்ப்பவர்களுக்குப் பயம் ஒன்றும் இல்லை, ஆனால் 'சுத்தம் செய்தாகிவிட்டது' என்பதற்கு இங்கே அர்த்தம் மூடி வைத்துக் காவல் காப்பதுதான். இவ்வளவு சொன்ன பிறகு அம்மா புளிசாதப் பொட்டலத்தைச் சரணாலய வாசலுக்கு வெளியே வந்துதான் பிரித்தார், அது என் தப்பு.

முதலில் விசிட்டர் சென்டரைப் பாருங்கள், அப்புறம் காரை எடுங்கள். அது எல்லா நாளும் திறந்திருக்காது, நேரம் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். நாய் கூட்டிப்போக முடியாது. வெயில் காலத்தில் மதியம் போகாதீர்கள், நாங்கள் போய் மாட்டிக்கொண்டோம், நிழலே இல்லாத புல்வெளி.

என் கணக்கில் 5-க்கு 4. கழுகைப் பார்க்க ஜனவரியில் தனியாக இன்னொரு முறை போகப்போகிறேன்.