பேரண்ட்ஸ் கேட்வேக்கு நான்கு நட்சத்திரம், ஓவிய வகுப்புக்கு இரண்டு

எனக்கு இரண்டு பிள்ளைகள். மகள் உயர்நிலை இரண்டு, மகன் தொடக்கநிலை மூன்று. நான் வேலை பார்ப்பது ஒரு மருந்தகத்தின் பதிவு முகப்பில். நாள் முழுக்க மற்றவர்களின் அடையாள அட்டை எண்ணும் முகவரியும் என் கையில்தான் இருக்கும். அதனால் பிள்ளைகளுக்காக எந்தச் சேவையில் சேர்ந்தாலும் நான் முதலில் பார்ப்பது இரண்டுதான்: பிள்ளையைப் பற்றி என்ன கேட்கிறார்கள், வாங்கியதை எங்கே வைக்கிறார்கள். இந்த விமர்சனமும் அந்தக் கண்ணோட்டத்தில்தான்.

முதலில் பேரண்ட்ஸ் கேட்வே. பள்ளியும் பெற்றோரும் தொடர்புகொள்வதற்காக, சிங்கப்பூர்க் கல்வி அமைச்சும் அரசாங்கத் தொழில்நுட்ப அமைப்பான கவ்டெக்கும் சேர்ந்து 2019 ஜனவரியில் கொண்டுவந்த செயலி. அதற்கு முன்பு, மகள் தொடக்கநிலை ஒன்றில் இருந்தபோது, ஒப்புதல் கடிதம் தாளில் வரும். கையெழுத்துப் போட்டு, தொலைபேசி எண் எழுதி, ஒவ்வாமை இருந்தால் அதையும் எழுதிப் பையில் வைத்து அனுப்ப வேண்டும். அந்தத் தாள் தண்ணீர் போத்தலுக்கு அடியில் நசுங்கி, பேருந்தில் போய், யார் யார் கையிலோ மாறித்தான் ஆசிரியரிடம் சேரும். இப்போது அரசாங்க இணையச் சேவைகளுக்கான சிங்பாஸ் கணக்கு வழியாக உள்ளே போனால் பிள்ளையின் பெயரும் வகுப்பும் ஏற்கெனவே இருக்கின்றன. கற்றல் பயணத்துக்கு ஒப்புதல் கேட்டிருந்தால் படித்துவிட்டுத் தட்ட வேண்டியதுதான். விடுமுறையில் ஊருக்குப் போவதையும் அதிலேயே தெரிவித்துவிடலாம். என் எண் மற்ற பெற்றோருக்குத் தெரியாது, அவர்கள் எண் எனக்குத் தெரியாது. எனக்கு இந்தச் செயலியில் மிகவும் பிடித்தது இதுதான். வகுப்புப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பிள்ளையின் மதிப்பெண் தாள் சுற்றுவதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

ஒரு நட்சத்திரத்தைக் குறைத்ததற்குக் காரணம் செயலியின் குறை அல்ல. பள்ளியில் பிள்ளையின் தகவல் இந்த ஒரு செயலியில் மட்டும் இருப்பதில்லை. மாணவர்களின் ஐபேடையும் குரோம்புக்கையும் நிர்வகிக்க மொபைல் கார்டியன் என்ற வெளிநிறுவனத்தின் மென்பொருள் இருந்தது. 2024 ஏப்ரலில் அந்த நிறுவனத்தின் கணினித் தளத்துக்குள் யாரோ புகுந்ததில், 127 பள்ளிகளைச் சேர்ந்த பெற்றோர், ஊழியர்களின் பெயரும் மின்னஞ்சல் முகவரியும் வெளியாகின. அதே ஆண்டு ஆகஸ்டில் இன்னொரு ஊடுருவல். 26 உயர்நிலைப் பள்ளிகளில் சுமார் 13,000 மாணவர்களின் சாதனங்களில் இருந்தவை அழிந்தன. அமைச்சு உடனே எல்லாச் சாதனங்களிலிருந்தும் அந்த மென்பொருளை நீக்கியது. மகளின் பள்ளிக்குப் பாதிப்பில்லை. ஆனாலும் குறிப்புகளை எல்லாம் இழந்துவிட்டுத் தேர்வுக்கு உட்கார வேண்டிய பிள்ளைகளை நினைத்து அன்று எனக்கு வேலையே ஓடவில்லை.

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். 2012ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் அரசாங்க அமைப்புகளுக்குப் பொருந்தாது. அவற்றுக்கு 2018ஆம் ஆண்டின் பொதுத்துறை ஆளுமைச் சட்டம் இருக்கிறது. தகவலைத் தவறாகப் பயன்படுத்தும் அதிகாரிக்கு 5,000 வெள்ளி வரை அபராதமோ இரண்டு ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்க அதில் இடமுண்டு. கடுமைதான். ஆனாலும் பிள்ளையின் தகவல் எந்தெந்த வெளிநிறுவனத்திடம் போகிறது என்பதைப் பெற்றோர் ஒரே பக்கத்தில் பார்க்கும்படி பேரண்ட்ஸ் கேட்வேயிலேயே வைத்தால் ஐந்தாவது நட்சத்திரத்தை மனமாரத் தருவேன்.

அப்புறம் ஓவிய வகுப்பு. ஈசூனில் எங்கள் புளோக்குக்குப் பக்கத்தில், கடைவீட்டு மாடியில் நடக்கிறது. பெயர் வேண்டாம். ஆசிரியை அருமையாகச் சொல்லிக்கொடுப்பார். மகன் வண்ணம் கலக்கக் கற்றுக்கொண்டதே அங்கேதான். ஆனால் விண்ணப்பப் படிவத்தில் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் எண், சான்றிதழின் நகல், அப்பா அம்மா வேலை செய்யும் இடம், மாதச் சம்பளம் எல்லாம் இருந்தன. மீன் வரைய வரும் பிள்ளைக்கு எதற்கு அப்பாவின் சம்பளம்? அந்த இடங்களை வெறுமையாக விட்டேன். முகப்பிலிருந்த பெண், "அக்கா, எல்லாரும் எழுதிக் கொடுக்கிறாங்களே" என்றார். கோபப்படவில்லை, மேலதிகாரியிடம் கேட்டுவிட்டுச் சரி என்றார். அதுவரை பரவாயில்லை.

சில வாரம் கழித்து மகன் ஒரு பென்சில் படத்தோடு வந்தான். குளம், நடுவில் ஆமை. தாளைத் திருப்பினால் பின்பக்கம் வேறொரு பிள்ளையின் பழைய விண்ணப்பப் படிவம். பெயர், வீட்டு எண், அம்மாவின் கைத்தொலைபேசி எண், பிறப்புச் சான்றிதழ் எண், மருந்துப் பெயர்கூட இருந்தது. காகிதத்தை மிச்சப்படுத்தப் பழைய படிவங்களைப் பயிற்சித் தாளாகக் கொடுத்திருக்கிறார்கள்.

இங்கே பிறந்த பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் எண்தான் பதினைந்து வயதில் அதன் அடையாள அட்டை எண்ணாகிறது. அது மாறவே மாறாது. கடவுச்சொல் போனால் மாற்றிக்கொள்ளலாம், இதை என்ன செய்வது? 2019 செப்டம்பர் 1 முதல், சட்டம் கேட்டாலோ ஆளை உறுதியாக அடையாளம் காண வேண்டியிருந்தாலோ தவிர, தனியார் நிறுவனங்கள் அடையாள அட்டை எண்ணையோ அட்டையின் நகலையோ வாங்கக் கூடாது. பிறப்புச் சான்றிதழ் எண்ணுக்கும் அந்த விதி உண்டு. தேவை முடிந்த தகவலை வைத்திருக்கவும் கூடாது. ஒவ்வொரு நிறுவனத்திலும் தகவல் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் இருக்க வேண்டும், அவரைத் தொடர்புகொள்ளும் வழியும் வெளியே தெரிய வேண்டும். சின்ன வகுப்புதானே என்று விலக்கெல்லாம் கிடையாது.

மறுநாளே அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நேரில் போனேன். உங்கள் தகவல் பாதுகாப்பு அதிகாரி யார் என்று கேட்டேன். உரிமையாளரே வந்தார். தாளைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. அறையில் இருந்த பயிற்சித் தாள் கட்டு முழுவதையும் என் கண் முன்னாலேயே எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினார். அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு அவரே பேசித் தெரிவிக்க வேண்டும் என்றேன், ஒப்புக்கொண்டார். இப்போது புதிய படிவத்தில் பிள்ளையின் பெயர், வயது, அவசரத்துக்கு ஒரு தொலைபேசி எண், ஒவ்வாமை இருக்கிறதா என்ற கேள்வி மட்டும்தான் இருக்கின்றன.

வெள்ளைத் தாளும் வாங்கிவிட்டார்கள். மகன் தொடர்ந்து போகிறான். சொல்லிக்கொடுப்பதற்கு மட்டும் என்றால் ஐந்து நட்சத்திரம் தரலாம். ஆனால் பழைய கோப்புகள் இன்னும் அந்த அலமாரியில்தான் இருக்கின்றன, ஆண்டிறுதி விடுமுறையில் அரைத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை இரண்டுதான். அரைத்துவிட்டார்கள் என்று தெரிந்தால் இதே இடத்தில் மாற்றி எழுதுகிறேன்.