ஆசாரி செய்த மூலை நாற்காலி: பதினோரு மாத அனுபவம்

நான் தையல்காரன். திண்டுக்கல்லில் சிறிய கடை. ரெடிமேட் சட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து "தோளை மட்டும் கொஞ்சம் பிடித்துக் கொடுங்கள்" என்று கேட்பவர்களைப் பார்த்து இருபது வருடமாக உள்ளுக்குள் சிரித்தவன். அப்படிப்பட்டவன் சொந்த மகளுக்கு ரெடிமேட் நாற்காலி வாங்கி 14,500 ரூபாயைத் தொலைத்தேன். பிறகு 3,200 ரூபாயில் எங்கள் தெரு ஆசாரி செய்து கொடுத்த நாற்காலியைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

மகள் 31 வாரத்திலேயே பிறந்துவிட்டாள். எடை 1,400 கிராம். முப்பத்தாறு நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்து வீட்டுக்கு வந்தாள். கால் நீட்டி உட்கார்ந்து அவளைக் குப்புறப் போட்டுக் குளிப்பாட்டிய என் அம்மாதான் முதலில் கண்டுபிடித்தார். "துடைக்கலாம் என்று காலை விரித்தால் விரிய மாட்டேன் என்கிறது. உன் கத்தரிக்கோல் மாதிரி ஒன்றின் மேல் ஒன்று ஏறுகிறதடா" என்றார். பெருமூளை வாதம் (செரிப்ரல் பால்சி, மூளைப் பாதிப்பால் உடல் அசைவு சிரமமாவது) என்று டாக்டர் தாளில் எழுதியபோது எட்டு மாதம் ஆகியிருந்தது. ஆனால் அந்தப் பெயருக்காக யாரும் காத்திருக்கவில்லை. ஐந்தாம் மாதமே அரசு மருத்துவமனையில் இருக்கும் ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் பயிற்சி தொடங்கிவிட்டது. 2013இல் வந்த மத்திய அரசின் சிறார் நலத் திட்டத்தில் உருவானவை இந்த மையங்கள். கட்டணம் கிடையாது. அங்கே பிசியோதெரபி பார்க்கும் பெண் சொன்ன முதல் பாடம், "வயதைப் பிறந்த நாளிலிருந்து எண்ணாதீர்கள் அண்ணா, டாக்டர் குறித்துக் கொடுத்திருந்த தேதியிலிருந்து எண்ணுங்கள்" என்பது. அதனால் எங்கள் வீட்டில் அவளுக்கு இரண்டு வயது: ஊருக்கு ஒன்று, பயிற்சிக்கு ஒன்று.

மடியில் உட்காரவைத்தால் வில்லாக வளைந்து பின்னால் சாய்வாள். தோள் இரண்டும் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும். கைகள் காதுக்குப் பக்கத்தில் நிற்கும். கண்ணுக்கு முன்னால் கிலுகிலுப்பையை ஆட்டினாலும் கை வராது. மூலை நாற்காலி இதற்காகத்தான். முதுகுப் பலகை ஒன்றாக இல்லாமல் இரண்டு பலகைகள் 90 பாகையில் சேர்ந்திருக்கும். சுவர் மூலையில் குழந்தையைச் சாய்த்து உட்காரவைத்த மாதிரி. அந்த இரண்டு பலகைகளும் தோள்களை முன்பக்கம் தள்ளிப் பிடித்துக்கொள்ளும். தோள் முன்னே வந்தால் கையும் முன்னே வரும். அவ்வளவுதான் சூட்சுமம்.

இணையத்தில் வாங்கிய முதல் நாற்காலி பார்க்க அழகு. மஞ்சள், நீலம், மெத்மெத்தென்ற பஞ்சு. உட்காரவைத்த ஐந்தாவது நிமிடம் சறுக்கிக் கீழே வந்துவிடுவாள். பெல்ட்டை இறுக்கினால் அழுவாள். ஒரு வாரம் குழந்தையைக் குறை சொன்னோம். பிறகுதான் கடையிலிருந்து டேப்பை எடுத்துவந்தேன். அவளுடைய பிட்டத்திலிருந்து முழங்கால் மடிப்பு வரை 7 அங்குலம். நாற்காலியின் இருக்கை ஆழம் பத்தரை. முழங்கால் விளிம்புக்கு வந்தால்தான் கால் மடியும், அதற்காக அவள் முன்னால் சறுக்கியாக வேண்டும், சறுக்கினால் முதுகு கூன் விழும். விற்றவர்கள் திருப்பி எடுக்க மறுத்துவிட்டார்கள். இப்போது அதில் என் கடையின் நூல் பெட்டி உட்கார்ந்திருக்கிறது, சறுக்காமல்.

தெரபி சொல்லித் தரும் பெண் நான்கு அளவு கேட்டார். தொடை நீளம், முழங்கால் மடிப்பிலிருந்து குதிகால், இடுப்பு அகலம், இருக்கையிலிருந்து முழங்கை உயரம். குதிகால் அளவை, காலுக்கு மாட்டும் பிளாஸ்டிக் உறையைப் போட்டுக்கொண்டே எடுக்க வேண்டும். சட்டைக்கு லூஸ் விட்டு வெட்டுவோம். இங்கே இருக்கை ஆழத்தில் தொடை அளவைவிட அரை அங்குலம் குறைக்க வேண்டும். ஆசாரி என் துண்டுச்சீட்டைப் பார்த்துவிட்டு, "கட்டிலுக்குக்கூட இத்தனை அளவு யாரும் கொடுத்ததில்லை தம்பி" என்றார். வெள்ளிக்கிழமை தருவதாகச் சொன்னார். ஒரு கோயில் கதவு குறுக்கே வந்தது. நான்காவது வெள்ளிக்கிழமை வந்தது நாற்காலி.

முதலில் தரையோடு தரையாகச் செய்திருந்தார், கால் நீட்டி உட்காரும்படி. அதுவும் சரிப்படவில்லை. அவளுக்குத் தொடையின் பின்பக்கத் தசை இறுக்கம். காலை நேராக நீட்டினால் அந்தத் தசை இடுப்பைப் பின்னால் இழுத்து, முதுகு மறுபடி கூனிவிடுகிறது. இருக்கையைத் தூக்கி, கால் கீழே மடிந்து பலகையில் பதியும்படி செய்யச் சொன்னார் தெரபிஸ்ட். ஆசாரி முகம் சுளிக்காமல் அடியில் ஒரு பெட்டி சேர்த்தார். பாதப் பலகைக்கு மூன்று காடி வெட்டி, கால் வளர வளர இறக்கிக்கொள்ளலாம் என்றார். அது அவருடைய சொந்த யோசனை. தொடைகள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க நடுவில் ஒரு மரக் குமிழ். அதற்குப் பஞ்சு வைத்து ரெக்சின் உறை நான் தைத்தேன். பெல்ட்டும் என் கைவேலைதான். வயிற்றைச் சுற்றிக் கட்டாமல், தொடை மடிப்பின் மேல் சாய்வாக இறங்கி இருக்கைக்குப் பின்னால் போய்ச் சேர வேண்டும். வயிற்றில் கட்டினால் குழந்தை அடியில் நழுவிவிடும்.

குறைகள் இல்லாமல் இல்லை. ஒன்பது கிலோ கனம். பஸ்ஸில் ஏற்ற முடியாது, ஊருக்குப் போனால் தலையணைகளை அடுக்கிச் சமாளிக்கிறோம். வார்னிஷ் நாற்றம் போகப் பத்து நாள் வெயிலில் வைத்தோம். கிண்ணம் வைக்க நாற்காலிக்கு முன்னால் இருக்கும் முன்பலகைக்கு விளிம்புச் சட்டம் வைக்க ஆசாரி மறந்துவிட்டார். கேழ்வரகுக் கூழ் நேராக மடியில் ஓடியது, பிறகு ரீப்பர் (மெல்லிய மரச் சட்டம்) அடித்துச் சரிசெய்தோம். முதுகுப் பலகைகள் சேரும் இடுக்கில் பருக்கை போனால் எறும்பு வரும், அதை இன்னும் சரிசெய்ய முடியவில்லை.

நாற்காலியே வைத்தியம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஒரு தடவைக்கு இருபது நிமிடத்தில் தொடங்கி இப்போது அரைமணி, ஒரு நாளைக்கு மூன்று முறை. மற்ற நேரம் குப்புறப் படுத்தல், உருளுதல், நிற்கவைத்தல். இடுப்பு மூட்டு விலகுகிறதா என்று டாக்டர் சொல்லும் கெடுவில் எக்ஸ்ரே எடுத்துவிடுகிறோம். சாப்பாட்டில்தான் பெரிய வித்தியாசம். முன்பு அண்ணாந்தபடி விழுங்கிப் புரையேறும். இப்போது தலை சற்றுக் குனிந்து, நேராக உட்கார்ந்து வாங்கிக்கொள்கிறாள். ஒரு கிண்ணம் கூழுக்கு ஒரு மணி நேரம் ஆனது, இப்போது இருபத்தைந்து நிமிடம். என் மனைவிக்கு அதனால் மதியத்தில் அரைமணி உறக்கம் கிடைக்கிறது.

உட்காரத் தொடங்கிய இரண்டாவது மாதம், காலியான நூல் கூம்பு ஒன்றை முன்பலகையில் வைத்தேன். சிவப்பு நூல் இரண்டு சுற்று ஒட்டியிருந்தது. வெகுநேரம் பார்த்தாள். உள்ளங்கைக்குள் மடங்கியே இருக்கும் இடது கட்டைவிரல் மெதுவாக வெளியே வந்தது. இரண்டு கையும் சேர்ந்து கூம்பைப் பிடித்தன. மறு நொடி தட்டிவிட்டாள், அது உருண்டு தையல் மிஷினுக்கு அடியில் போனது. எடுத்துக் கொடுத்தேன், மறுபடி தட்டிவிட்டாள். அன்று ஒரு ரவிக்கை தைத்து முடியவில்லை.

இதே போல் செய்துகொள்ள நினைப்பவர்கள் படத்தைக் காட்டி ஆசாரியிடம் கேட்காதீர்கள். தெரபிஸ்டை வைத்துக் குழந்தைக்கு அளவெடுத்துவிட்டுப் போங்கள். செய்து முடித்ததும் ஒருமுறை அவரிடம் உட்காரவைத்துக் காட்டுங்கள். ஊனச் சான்றிதழ் வாங்கிவிட்டால் மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் நடத்தும் நிராமயா மருத்துவக் காப்பீட்டிலும் சேர்த்துவிடுங்கள். ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை உண்டு, அதில் ஒரு பகுதியைத் தெரபிச் செலவுக்கும் பயன்படுத்தலாம்.

ஐந்துக்கு நான்கு தருவேன். எறும்புக்கும் கனத்துக்கும் ஒன்று குறைத்திருக்கிறேன். போன வாரம் மறுபடி டேப் பிடித்தேன், தொடை எட்டேகால் அங்குலம் ஆகியிருக்கிறது. பெரிய இருக்கைக்குச் சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை தருவதாகச் சொல்லியிருக்கிறார் ஆசாரி. எந்த வெள்ளிக்கிழமை என்று நான் கேட்கவில்லை.