கழுகா, ரெயின்டீரா? முதலில் இடுப்பைக் கேளுங்கள்

மங்கோலியாவில் நாடோடிகளோடு சில நாள் தங்க வேண்டும் என்று கிளம்புகிறவர்களுக்கு இரண்டு இடங்கள்தான் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். மேற்கே பயன் உல்கி மாகாணம், கழுகு வைத்து வேட்டையாடும் கசாக்குகள். வடக்கே ஹூவ்ஸ்குல் மாகாணத்து டைகா எனும் குளிர்ப் பிரதேச ஊசியிலைக் காடு, ரெயின்டீர் என்ற பனிமானை மேய்ப்பவர்கள். இந்த இரண்டாவது கூட்டத்தை மங்கோலியர்கள் அழைக்கும் பெயரைத் தமிழில் எழுதினால் ‘சாத்தான்’ என்று வந்து தொலைக்கிறது, பாவம். அவர்கள் தங்களைத் துஹா என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன்.

எல்லோரும் படத்தைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். நான் குதிரையைப் பார்த்து முடிவெடுக்கச் சொல்வேன்.

பயன் உல்கியின் தலைமை ஊரான உல்கிக்கு நாட்டின் தலைநகர் உலான்பாதரிலிருந்து விமானம் உண்டு, அங்கிருந்து ஜீப். அல்தாய் தவான் பொக்த் தேசியப் பூங்காவுக்குள்ளேயே நல்ல தூரம் வண்டி போகும். அப்புறம் பொத்தானின் பனியாறு வரை நடக்கலாம், குதிரையிலும் போகலாம், உங்கள் இஷ்டம். துஹாக்களிடம் போக அந்தச் சலுகை கிடையாது. ஹூவ்ஸ்குலின் மூரன் நகரிலிருந்து சகான்னூர் கிராமத்துக்கு ஒரு முழு நாள் ஜீப்பில் குலுங்கிவிட்டு, அடுத்த நாள் சதுப்பிலும் காட்டிலும் குதிரையில்தான் போயாக வேண்டும், அதுவும் முகாம் அப்போது எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து நாலு மணி நேரமும் ஆகும், எட்டு மணி நேரமும் ஆகும். குதிரையே ஏறாதவர் என்றால் இரண்டு மாதம் முன்பிருந்தே வாரம் ஒரு முறையாவது ஏறிப் பழகுங்கள், தொடையும் இடுப்பும் நன்றி சொல்லும். மர சேணம் வேண்டாம், மெத்தை வைத்தது வேண்டும் என்று வழிகாட்டியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். படபடவென்று அடிக்கும் மழைக்கோட்டைக் குதிரை மேல் இருந்தபடி மாட்டவோ கழற்றவோ கூடாது, அது மிரண்டு ஓடிவிடும்.

காலத்தைப் பொறுத்தவரை உல்கிக்குப் போகிறவர்கள் பலர் ஏமாறுகிறார்கள். ஜூலையில் போனால் புல்வெளியும் கூடாரங்களும் அழகுதான், ஆனால் அது வேட்டைக் காலம் இல்லை, இறகு உதிர்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும் கழுகைக் கையில் ஏந்திப் படம் எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். கழுகுத் திருவிழா அக்டோபர் தொடக்கத்தில். அப்போது இரவுக் குளிர் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும், உல்கியில் அறை கிடைப்பதும் கஷ்டம். டைகாவுக்கு ஜூலை, ஆகஸ்டில் கொசுவும் சேறும், செப்டம்பரில் இரண்டும் குறையும். எந்த மாதமானாலும் உறைநிலைக்குக் கீழே தாங்கும் ஸ்லீப்பிங் பேக் இரண்டு இடத்துக்கும் வேண்டும்.

சாப்பாடு? கசாக் வீட்டில் ஆட்டிறைச்சி, குதிரை இறைச்சித் தொத்திறைச்சி. துஹா கூடாரத்தில் ரெயின்டீர் பாலில் உப்புத் தேநீர், ரொட்டி. அசைவம் தொடாதவர்கள் பருப்பையும் பொடிகளையும் கையோடு கொண்டு போவதே உத்தமம், ஆனால் உள்நாட்டு விமானத்தில் மூட்டை எடைக்குக் கறாரான வரம்பு உண்டு. துஹா முகாமுக்குப் போகும்போது மாவும் அரிசியும் சகான்னூரிலேயே வாங்கிக்கொண்டு போங்கள், உங்களுக்கும் சேர்த்துச் சமைக்கப் போவது அவர்கள்தான்.

எல்லைப் பகுதி அனுமதி இரண்டுக்கும் தேவை, அது வழிகாட்டியின் வேலை, பாஸ்போர்ட் நகலை மட்டும் சீக்கிரம் அனுப்பிவிடுங்கள். காப்பீட்டில் குதிரைச் சவாரி சேர்ந்திருக்கிறதா என்று ஒரு தடவை படித்துப் பாருங்கள், பல பாலிசிகளில் இருக்காது.

என் ஓட்டு? பத்து நாளுக்குள் திரும்ப வேண்டும், முட்டி வலி உண்டு என்றால் யோசிக்காமல் உல்கி. இரண்டு வாரம் கையில் இருந்து, சேணத்தில் உட்கார்ந்து பழகியும் இருந்தால் டைகா. அங்கே கூட்டமும் குறைவு, துஹாக்களே மொத்தம் சில நூறு பேர்தான். உல்கியைத் தேர்ந்தெடுத்தால் ஒன்றை மட்டும் மறக்காமல் கேளுங்கள்: வழிகாட்டிக்குக் கசாக் மொழி தெரியுமா? தலைநகரிலிருந்து மங்கோலிய மொழி மட்டும் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனால், வீட்டுப் பாட்டி பேசுவதில் பாதி உங்கள் இருவருக்குமே புரியாது.