4,850 ரூபாய் போச்சு: ‘எமர்ஜென்சி டூல் கிட்’ விளம்பரம் பார்த்தவர்கள் இதைப் படித்துவிட்டு வாங்குங்கள்

கோபம் இன்னும் அடங்கவில்லை, அதனால் எழுத்து முன்னே பின்னே இருக்கும். வீட்டில் அவசரத்துக்கு என்னென்ன ரிப்பேர் சாமான் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நிதானமாக ஒரு பதிவு போடத்தான் நினைத்திருந்தேன். அதற்குள் இப்படி ஆகிவிட்டது. 4,850 ரூபாய். இதெல்லாம் ஒரு பணமா என்று கேட்கிறவர்கள், பனியன் கம்பெனியில் நைட் ஷிப்ட் நின்று சம்பாதித்துப் பார்த்துவிட்டுக் கேட்கட்டும்.

எங்கள் ஊர் பொங்கலூர் பக்கம். ஆடிக் காற்றைப் பற்றி இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று காற்றாடி வைத்திருப்பவர்களுக்கு வருமானம். நமக்குத் தென்னை மட்டை கம்பி மேல் விழுந்து கரண்ட் போவதுதான் மிச்சம். கரண்ட் இல்லையென்றால் மோட்டார் இல்லை, தொட்டியில் இருக்கிற தண்ணீரை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். அந்த நேரம் பார்த்து ஒரு பைப் கசிந்தாலோ பிளக் கருகினாலோ, பிளம்பரும் எலக்ட்ரீசியனும் போனை எடுக்கவே மாட்டார்கள். என் வீட்டுக்காரர் ராத்திரி திருப்பூரில் வேலையில் இருப்பார். வீட்டில் நானும் அத்தையும் குழந்தைகளும்தான். சின்னச் சின்ன வேலையெல்லாம் எனக்கு வரும். சாமான்தான் ஒன்று அத்தை பீரோவுக்கு அடியில், ஒன்று மோட்டார் ரூமில் என்று கிடந்தது. எல்லாம் ஒரே பெட்டியில் இருந்தால் நல்லது என்று தேடியபோதுதான் அந்த விளம்பரம் வந்தது.

கடை பேரைப் போடவில்லை. வீடியோவில் விளம்பரம் ஓட்டி, வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுக்கிற வகை ஆன்லைன் கடை. வீடியோவில் ஒரு ஸ்பேனரை வைஸில் மாட்டி, அதன்மேல் ஒரு ஆள் ஏறி நின்று குதிக்கிறார். ‘108 பீஸ், இரண்டு வருட வாரண்டி, வீட்டின் எல்லா அவசரத்துக்கும் ஒரே பெட்டி’ என்று ஓடுகிறது. அதைப் பார்த்து ஒன்றும் நான் மயங்கவில்லை. விலை மட்டும் கேட்டு மெசேஜ் போட்டேன். உடனே போன் வந்தது.

“ஏனுங்கக்கா, டூல் கிட் கேட்டிருந்தீங்களே, பொங்கலூருங்களா? எங்க அம்மிச்சி ஊரு தாராபுரமுங்க. சின்னதுல லீவுக்கெல்லாம் உங்க ஊர் வழியாத்தான் பஸ்ஸுல போவமுங்க.”

இருபது இருபத்திரண்டு வயசுப் பையன் குரல். விற்கிற அவசரமே இல்லை. மோட்டார் எத்தனை எச்பி என்று கேட்டான், குழந்தைகள் என்ன படிக்கிறார்கள் என்று கேட்டான். “டெஸ்டர் இல்லாத ஊடு ஒரு ஊடுங்களாக்கா? எங்கம்மாவே ஒண்ணு வெச்சிருக்குமுங்க” என்றான். அத்தை பக்கத்தில் இருந்து ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு, “நம்ம பக்கத்துப் பையனாட்ட இருக்குது, பாவம்” என்றார்கள். ஸ்பேனர் 6-7 முதல் 20-22 வரை (இரண்டு பக்க வாயின் அளவு, மில்லிமீட்டரில்) எட்டும் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்குதுங்க. கட்டிங் பிளேயர் கைப்பிடி இன்சுலேஷன் உள்ளதா? உள்ளதுங்க. சாமான் வந்ததும் பணம் தரட்டுமா என்றால், அப்படியென்றால் 5,200 ஆகுமாம், யூபிஐயில் அனுப்பினால் 4,850தானாம். ஸ்கேன் பண்ணினால் கடை பேர் வராமல் யாரோ தனி ஆள் பேர் வந்தது. அதையும் கேட்டேன். “ஓனர் பேருங்கக்கா, ஜிஎஸ்டி பில்லு பெட்டியிலேயே வந்துருமுங்க.” இத்தனைக்கும் கூசாமல் பதில் சொல்கிற ஒருவனிடம் அதற்குமேல் என்னதான் கேட்பது? 4,850 ரூபாய் அனுப்பினேன்.

பெட்டி வந்தது, பில் வரவில்லை. தயாரித்தவர் பேர், முகவரி, எம்ஆர்பி, மாதம் வருடம் ஒன்றுமே பெட்டி மேல் அச்சடிக்கவில்லை. பேக் பண்ணி விற்கிற எந்தச் சாமானிலும் இதெல்லாம் இருக்க வேண்டும் என்று 2011ஆம் வருட பேக்கேஜ் விதியே இருக்கிறது. 108 பீஸ் என்றது மட்டும் பொய்யில்லை, எண்ணிப் பார்த்தேன். அதில் முக்கால்வாசி திருகாணி, அதைச் சுவரில் பிடிக்க வைக்கிற ரால் பிளக், கேபிள் டை! ஒவ்வொரு திருகாணியும் அவர்கள் கணக்கில் ஒரு ‘பீஸ்’. பிளேயரின் சிவப்பு உறை, இழுத்தவுடன் சாக்ஸ் மாதிரி கழன்று கையில் வந்தது.

அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். மோட்டார் டெலிவரி பைப்பை போல்ட் போட்டுச் சேர்க்கிற வட்டத் தகட்டில், அதான் பிளாஞ்சில், தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தது. போல்ட் தளர்ந்திருக்கிறது, இறுக்கினால் நின்றுவிடும். மெயினை ஆஃப் பண்ணிவிட்டு 18-19 ஸ்பேனரில் 19 பக்கத்தைப் போட்டேன். சரியாகத்தான் பிடித்தது. கொஞ்சம் அழுத்தியதும் அதன் வாய் அப்படியே அகன்று, நட்டு நின்ற இடத்தில் நிற்க, ஸ்பேனர் மட்டும் சுற்றியது. என் விரல் முட்டி பிளாஞ்சில் அடித்துத் தோல் உரிந்துபோனது. ஸ்பேனரைப் பார்த்தால், வாயோரம் பளபளப்பு முலாம் செதில் செதிலாக உதிர்ந்து, உள்ளே சாம்பல் நிறத்தில் வெறும் மட்ட இரும்பு. குரோம் வெனடியம் என்கிற கெட்டி எஃகு என்று வீடியோவில் சொன்னதோடு சரி, ஸ்பேனரில் எங்கேயும் அந்த முத்திரை இல்லை.

பக்கத்துத் தோட்டத்து மாமா முன்பு மோட்டார் காயில் கட்டிக்கொண்டிருந்தவர். பார்த்துவிட்டு, “ஸ்பேனரு கெடக்குது அம்முணி, அந்த டெஸ்டரை எடுத்துட்டு வா” என்றார். ஃபேன் ஓடிக்கொண்டிருந்த ஸ்விட்ச் போர்டின் பிளக்கில், கம்பியைத் தொடாமல் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற அவருடைய மீட்டரில் கரண்ட் காட்டுகிறது. அந்தப் பிளக்கில் டெஸ்டரை வைக்கும் முன், அதன் பின்பக்க மூடியைத் திருகிக் கவிழ்த்தார். நியான் பல்பு உடைந்திருந்தது. ரெசிஸ்டர் இருக்க வேண்டிய இடத்தில் ஸ்பிரிங் மட்டும். 230 வோல்ட்டை நம் விரலுக்கு உறைக்காத அளவுக்குத் தடுத்து நிறுத்துவதே அந்த ரெசிஸ்டர்தான். அது இல்லாத டெஸ்டரில் பல்பு நன்றாக இருந்து, நான் மூடியில் விரலை வைத்திருந்தால்? பல்பு உடைந்திருப்பதால் எரியாததைப் பார்த்து, கரண்ட் இல்லை என்று வயரைத் தொட்டிருந்தால்? ஸ்பேனருக்கு வந்த கோபத்தைவிட இதற்குத்தான் எனக்குக் கை நடுங்கியது.

அந்தக் கடைப் பையனுக்குப் போன் பண்ணினேன். முதலில் நல்லாத்தான் பேசினான். போட்டோ அனுப்புங்க. அனுப்பினேன். வீடியோ அனுப்புங்க. அனுப்பினேன். பெட்டி பிரிக்கும்போது எடுத்த வீடியோ இருக்குதுங்களா? இருந்தது, எங்கள் பாப்பா விளையாட்டாக எடுத்தது. அதையும் அனுப்பினேன். அதற்குப் பிறகு பேச்சே மாறிவிட்டது. “வாரண்டி கம்பெனி தப்புக்கு மட்டுந்தான். நீங்க ஓவரா ஃபோர்ஸ் குடுத்துட்டீங்க.” வீடியோவில் ஆள் ஏறிக் குதித்த ஸ்பேனர், நான் கை அழுத்தியதில் அகன்றதாம்! டெஸ்டரைப் பற்றிக் கேட்டால், “இதெல்லாம் லேடீஸ் பாக்கற வேலை இல்ல. ஊட்டுல அண்ணன் இருந்தா போனைக் குடுங்க.” குடுக்கவில்லை. என் பணம், என் விரல், நானே பேசுகிறேன் என்றேன். ரிட்டர்ன் டீம் கூப்பிடும் என்று வைத்துவிட்டான். யாரும் கூப்பிடவில்லை. மறுபடி மறுபடி பண்ணியதில் வேறு ஒரு ஆள் எடுத்து, உங்கள் பின்கோடுக்கு பிக்அப் கிடையாது, டெல்லி கோடவுனுக்கு உங்கள் செலவில் அனுப்புங்கள் என்றார். கொண்டு வந்து கொடுக்கத் தெரிந்த பின்கோடு, எடுத்துப்போக மட்டும் தெரியாதா?

ஆன்லைனில் விற்பவர்கள் புகாரை 48 மணி நேரத்துக்குள் ஏற்றுக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று 2020இல் வந்த மின்வணிக விதி சொல்கிறது. அந்தப் பையனிடம் இதைச் சொன்னேன். “அதெல்லாம் பெரிய கம்பெனிக்குங்கக்கா” என்று சிரித்தான். அன்றைக்குப் பொழுதோடு என் நம்பரை பிளாக் பண்ணிவிட்டார்கள். 4,850 ரூபாய்!

வீட்டுக்காரரிடம் சொன்னபோது, “போவுது உடு” என்றார். எனக்கு விட மனசில்லை. நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுத்திருக்கிறேன். பணம் அனுப்பிய யூபிஐ விவரத்தோடு சைபர் குற்ற எண் 1930க்கும் சொல்லியாயிற்று. ஐந்து லட்சம் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் இல்லாமலே வழக்குப் போடலாம் என்கிறார்கள். திருப்பூருக்குப் போய்வர பஸ் காசுதான். போகத்தான் போகிறேன்.

விவரமாக எழுத இப்போது மனசு வரவில்லை. அவசரமாகச் சிலது மட்டும் சொல்கிறேன். 108 பீஸ், 200 பீஸ் பெட்டி என்றாலே வேண்டாம். டெஸ்டர், பிளேயர், ஸ்க்ரூ டிரைவர், எட்டு ஸ்பேனர், ஸ்க்ரூ ஸ்பேனர், ஹேக்சா, டெஃப்லான் டேப், இன்சுலேஷன் டேப், டார்ச் - இதைப் பல்லடமோ தாராபுரமோ, பக்கத்து ஹார்டுவேர் கடையில் கையில் எடுத்துப் பார்த்து ஒவ்வொன்றாக வாங்குங்கள். நூறு ரூபாய்க்குள் நல்ல டெஸ்டரே கிடைக்கிறது. வாங்கியதும் கரண்ட் இருக்கிற பிளக்கில் ஒருமுறை வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு தடவை வயரைத் தொடும் முன்பும் அப்படியே. ஆனால் வைப்பதற்கு முன் மூடியைக் கழற்றி உள்ளே ரெசிஸ்டர் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். தனி ஆள் பேருக்குப் பணம் கேட்டால், எந்த ஊர்ப் பேச்சுப் பேசினாலும் அனுப்பாதீர்கள். கரண்ட் கம்பி அறுந்து விழுந்தால் எந்த டூலையும் எடுக்காமல் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987, கேஸ் கசிந்தால் 1906. 1915இல் இருந்து பதில் வந்தால் இங்கேயே எழுதுகிறேன்.