கையடக்க டாப்ளர் கருவி: பேறுகாலப் பதற்றத்துக்கு ஏற்ற துணைதானா?

வயிற்றிலிருக்கும் குழந்தையின் இதயத் துடிப்பை வீட்டிலிருந்தே கேட்கலாம் என்று சொல்லி இணையக் கடைகளில் விற்கப்படும் கையடக்க டாப்ளர் கருவிகளில் ஒன்றை, தலைப்பிரசவத்துக்கு நாள் நெருங்கிக் காத்திருக்கும் நான் ஐந்தாம் மாதம் முதல் பயன்படுத்தி வந்தேன். சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் இக்கருவி பல பெயர்களில் ஏறத்தாழ ஒரே உருவத்தில் வருவதால், எந்த நிறுவனத்தின் தயாரிப்பு என்பதை இங்கே குறிப்பிடவில்லை. நான் சொல்லப்போகிறவற்றில் பெரும்பகுதி இந்த வகைக் கருவியின் இயல்பைப் பற்றியதே தவிர, ஒரு நிறுவனத்தின் தரத்தைப் பற்றியது அல்ல.

பெட்டிக்குள், உள்ளங்கையில் அடங்கும் கருவியும், சுருள் வயரால் அதனோடு இணைந்த, வயிற்றின் மீது வைத்து நகர்த்தும் புரோப்பும், ஒரு ஹெட்போனும், சின்னஞ்சிறு ஜெல் பாட்டிலும், ஆங்கிலத்தில் மட்டும் அச்சிடப்பட்ட கையேடும் இருந்தன. நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு என்ற எண் திரையில் தெரிகிறது. ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு இருக்கிறது. பிளாஸ்டிக் உறுதியானது, வயர் தளரவில்லை, பேட்டரியும் விரைவில் தீர்ந்துவிடவில்லை. உடன் வரும் ஜெல் மிகக் குறைவு என்றாலும், ஸ்கேன் ஜெல் என்று கேட்டால் பெரிய மருந்துக் கடைகளில் மலிவாகவே தருகிறார்கள். ஜெல் போதாவிட்டால் தோலுக்கும் புரோப்புக்கும் இடையில் தங்கும் மெல்லிய காற்றே, கருவி அனுப்பும் மீயொலி (அல்ட்ராசவுண்ட்) அலையைத் திருப்பி அனுப்பிவிடும் என்பதால், அதில் சிக்கனம் பார்ப்பதில் பயனில்லை. வெறும் பொருளாக மட்டும் பார்த்தால், கொடுத்த காசுக்குக் குறை சொல்ல முடியாது.

இப்படியொரு கருவியை வாங்கத் தூண்டுவது எது என்பதைக் கர்ப்பிணிகளுக்கு விளக்க வேண்டியதில்லை. ஏழாம் மாதம் வரை மாதம் ஒரு முறை, அதன் பிறகு இரு வாரத்துக்கு ஒரு முறை, ஒன்பதாம் மாதத்தில் வாரம் ஒரு முறை என்று பரிசோதனைகள் அமைகின்றன. மருத்துவர் துடிப்பைக் கேட்டுவிட்டு எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லும் சொல்லுக்கு, என் அனுபவத்தில், வீடு வந்து சேரும் வரைதான் ஆயுள். அதன் பிறகு, வயிறு சின்னதாக இருக்கிறதே என்று பக்கத்து வீட்டார் சொல்வதும், காத்திருப்போர் அறையில் யாரோ யாருக்கோ நேர்ந்ததாகச் சொல்லிக்கொண்டிருந்ததும், நள்ளிரவில் கெண்டைக்கால் பிடித்து இழுத்து எழுப்புவதும் சேர்ந்துகொண்டு மனத்தை அலைக்கழிக்கும். வளைகாப்பு முடிந்து திருநெல்வேலியில் அம்மா வீட்டுக்கு நான் வந்துவிட, கணவர் வேலைக்காக ஓசூரிலேயே இருக்க நேர்ந்தது அந்த அலைச்சலை அதிகமாக்கியது. பரிசோதனைக்கும் பரிசோதனைக்கும் இடையிலான அந்த வெற்றிடத்தை நிரப்புவதாகத்தான் இக்கருவியின் விளம்பரம் வாக்களிக்கிறது.

கருவி எப்படி இயங்குகிறது என்பதைத் தெரிந்துகொண்டால், அந்த வாக்குறுதியில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்பதும் தெரிந்துவிடும். ஆஸ்திரிய இயற்பியலாளர் கிறிஸ்டியன் டாப்ளர் 1842இல் விளக்கிய தத்துவம்தான் இதன் அடிப்படை: நகரும் பொருளில் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் சற்று மாறியிருக்கும். புரோப், மனிதச் செவிக்கு எட்டாத 2 அல்லது 3 மெகாஹெர்ட்ஸ் அளவிலான அலையை வயிற்றுக்குள் அனுப்பி, திரும்பி வரும் அலையில் உள்ள அதிர்வெண் வேறுபாட்டை மட்டும் பிரித்தெடுத்து, அதைக் காதுக்குக் கேட்கும் ஒலியாக மாற்றித் தருகிறது. ஆகவே ஹெட்போனில் நாம் கேட்பது குழந்தையின் இதயம் எழுப்பும் ஓசையே அல்ல. உள்ளே ஏதோ ஒன்று அசைகிறது என்பதற்குக் கருவி உண்டாக்கித் தரும் அடையாளம் மட்டுமே. அந்த ஏதோ ஒன்று குழந்தையின் இதயமாக இருக்கலாம், நஞ்சுக்கொடியில் பாயும் ரத்தமாக இருக்கலாம், தாயின் வயிற்றுத் தமனியாகவும் இருக்கலாம். கருவிக்கு இவற்றிடையே வேறுபாடு தெரியாது. எது சீராகத் துடிக்கிறதோ அதை எண்ணித் திரையில் காட்டிவிடும்.

வேறுபாட்டைக் காதால் கண்டுபிடிக்கக் கையேடு ஒரு வழி சொல்கிறது. குழந்தையின் இதயம் குதிரை ஓட்டம்போல வேகமாகக் கேட்கும், நஞ்சுக்கொடியின் ஒலி காற்று வீசுவதாகக் கேட்கும் என்கிறது. வழக்கமான அளவுகளைக் கொண்டும் பிரிக்கலாம்: குழந்தைக்கு நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை, பெரியவர்களுக்கு 60 முதல் 100 வரை. ஆனால் கர்ப்ப காலத்தில் தாயின் நாடி இயல்பாகவே பத்து இருபது துடிப்பு கூடியிருக்கும். துடிப்பு கிடைக்கவில்லையே என்ற பயத்தில் அது இன்னும் ஏறி, நூறையும் தாண்டும். எவ்வளவுக்கு எவ்வளவு பயந்திருக்கிறோமோ அவ்வளவுக்கு நம் நாடியே குழந்தையின் நாடியாகத் தோற்றமளிக்கும் என்பது இக்கருவியின் விசித்திரம். மணிக்கட்டில் விரல் வைத்துத் தன் நாடியைப் பார்த்துக்கொண்டே கேட்டால் ஓரளவு தெளியலாம். என் கையேட்டில் அந்த எளிய யோசனை எங்கும் இல்லை.

துடிப்பு கிடைக்கும் இடமும் மாதத்துக்கு மாதம் மாறும். தொடக்க வாரங்களில் அடிவயிற்று எலும்புக்குச் சற்று மேலே தேட வேண்டும். பிற்பாடு குழந்தையின் முதுகு எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கத்தில்தான் ஒலி தெளிவாக வரும். தலை கீழ்நோக்கித் திரும்பியிருந்தால் தொப்புளுக்குக் கீழே, இல்லையென்றால் தொப்புளை ஒட்டியோ மேலேயோ கிடைக்கும். நஞ்சுக்கொடி வயிற்றின் முன்பக்கம் ஒட்டியிருந்தால் முதலில் கேட்பது அதன் ஒலிதான். செவிலியரின் கைக்குச் சில நொடியில் அகப்படுவது நம் கைக்கு அகப்படாமல் போவதில் வியப்பில்லை. ஆனால் இரவு பதினொரு மணிக்கு அந்த நியாயமெல்லாம் மனத்தில் நிற்பதில்லை. பதற்றத்தைத் தணிப்பதற்காக எடுத்த கருவி, அடுத்த அரை மணி நேரத்துக்குப் பதற்றத்தின் காரணமாகவே ஆகிவிடுகிறது.

நல்லதையும் சொல்லிவிட வேண்டும். கணவர் காணொலி அழைப்பில் அந்த ஒலியை முதல்முறை கேட்டபோது நெடுநேரம் பேச்சே வரவில்லை. வயிறு சுமக்காதவருக்குக் குழந்தை இருக்கிறது என்பதை உணர்த்துவதில் இதற்கு ஈடு எதுவும் இல்லை. ஆச்சியும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டார். கேட்டு முடித்ததும், துடிப்பு 140க்கு மேல் போனால் பெண் குழந்தை என்கிறார்களே, உனக்கு எவ்வளவு காட்டுகிறது என்று விசாரித்தார். துடிப்பின் வேகத்துக்கும் ஆணா பெண்ணா என்பதற்கும் தொடர்பில்லை என்பது ஆய்வுகளில் பார்க்கப்பட்ட விஷயம்; குழந்தை உறங்கும்போது குறைந்தும் அசையும்போது கூடியும் ஒரே நாளில் அந்த எண் பல முறை மாறும். பிறக்கும் முன் பாலினத்தைக் கண்டறிந்து சொல்வதை 1994ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்திருக்கும் நாட்டில், இந்த எண் இப்படியொரு ஊகத்துக்கும் பயன்படுத்தப்படுகிறது என்பதை விற்பவர்கள் அறியாமல் இருக்க மாட்டார்கள்.

இனி முக்கியமான குறைக்கு வருகிறேன். திரையில் 142 என்று தெரிந்தால், அந்த நொடியில் துடிப்பு அவ்வளவு என்பதற்கு மேல் அதில் எந்தச் செய்தியும் இல்லை. குழந்தைக்குப் போதிய ஆக்சிஜன் போகிறதா, நஞ்சுக்கொடி நன்றாக வேலை செய்கிறதா என்பதையெல்லாம் ஒற்றை எண் சொல்லாது. மருத்துவமனையில் என்.எஸ்.டி. எனப்படும், குழந்தையின் துடிப்பைத் தொடர்ந்து பதிவுசெய்யும் பரிசோதனையை எடுக்கும்போது வயிற்றில் பட்டைகளைக் கட்டிக் குறைந்தது 20 நிமிடம் காகிதத்தில் பதிவு செய்வதும், அந்த நேரத்தில் துடிப்பு 15 எண்ணிக்கை உயர்ந்து 15 நொடி நீடிக்கும் ஏற்றம் இருமுறையாவது வருகிறதா என்று தேடுவதும் இதனால்தான். நலிவடையத் தொடங்கும் குழந்தை முதலில் தன் அசைவைக் குறைத்துக்கொள்ளக்கூடும். அப்போதும் துடிப்பு வழக்கமான அளவுக்குள்ளேயே இருக்கலாம். அந்த இடைவேளையில் வீட்டு டாப்ளர் தரும் ஆறுதல்தான் ஆபத்தானது. 2009இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்த ஒரு குறிப்பு, அசைவு குறைந்ததை உணர்ந்த 38 வாரக் கர்ப்பிணி ஒருவர் வீட்டு டாப்ளரில் துடிப்பைக் கேட்டதாக நம்பி மருத்துவமனைக்குத் தாமதமாக வந்ததையும், அதற்குள் குழந்தை இறந்துவிட்டதையும் பதிவுசெய்திருக்கிறது. அவர் கேட்டது தன்னுடைய நாடியாகவோ நஞ்சுக்கொடியின் ரத்த ஓட்டமாகவோ இருந்திருக்கலாம். அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகமும் 2014 டிசம்பரில், மருத்துவக் கண்காணிப்பு இல்லாமல் இக்கருவிகளை வீட்டில் பயன்படுத்த வேண்டாம் என்று அறிவுறுத்தியது; மீயொலி திசுக்களைச் சற்றே சூடாக்கக்கூடும், எத்தனை முறை எவ்வளவு நேரம் என்ற கட்டுப்பாடு வீட்டில் இருக்காது என்பது அதன் கவலை.

இந்தச் செய்தியையே எங்கள் பகுதிச் சுகாதாரச் செவிலியர் வேறு விதமாகச் சொன்னார். அட்டையில் எடையையும் ரத்த அழுத்தத்தையும் குறித்துக்கொண்டே, “மெஷின் துடிப்பைத்தாம்மா சொல்லும், பிள்ளை நல்லா இருக்கான்னு பிள்ளைதான் சொல்லணும்” என்றார். 28 வாரம் கடந்தபின் காலை, மதியம், இரவு உணவுக்குப் பிறகு ஒரு மணி நேரம் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்து அசைவை எண்ணச் சொன்னார். மூன்று வேளைக் கணக்கையும் கூட்டி நான்கால் பெருக்கினால் பன்னிரண்டு மணி நேரத்துக்கான கணக்கு வரும். அது பத்துக்குக் கீழே போனாலோ, ஒரு மணி நேரத்தில் மூன்று அசைவுகூட இல்லாவிட்டாலோ மருத்துவமனைக்குச் சொல்லிவிட வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் பத்து அசைவு வருகிறதா என்று பார்க்கும் முறையும் உண்டு. எந்த முறையானாலும், நம் குழந்தையின் வழக்கத்தைவிடத் தெளிவாகக் குறைந்திருந்தால் கணக்கு முடியும் வரை காத்திருக்கக் கூடாது. கடைசி மாதத்தில் இடம் போதாமல் குழந்தை அசைவதைக் குறைத்துக்கொள்ளும் என்று எங்கள் வீட்டிலும் சொன்னார்கள், அது சரியன்று. அசைவின் தன்மை மாறலாம், உதைப்பது நெளிவதாகவும் உருள்வதாகவும் ஆகலாம், ஆனால் பேறுவலி வரும் வரை அசைவு குறைவது இயல்பல்ல.

அசைவை எண்ணுவது பதற்றத்தை முற்றிலும் போக்கிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். குழந்தை உறங்கும் நேரம் பொதுவாக 20 முதல் 40 நிமிடம் என்றும், 90 நிமிடத்தைத் தாண்டுவது அரிது என்றும் தெரிந்திருந்தும், அந்த நாற்பதாவது நிமிடத்தில் கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்க முடிவதில்லை. இருந்தாலும் இரண்டுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. எண்ணிக்கை குறைந்தால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவாக இருக்கிறது: மருத்துவமனைக்குப் பேசு, அல்லது 104இல் கேள், நிலைமை அவசரமென்றால் 108ஐக் கூப்பிடு. டாப்ளரில் துடிப்பு கிடைக்காவிட்டால் அடுத்து என்ன செய்வது என்பதற்கு, புரோப்பை நகர்த்தித் தேடவும் என்பதே கையேட்டின் பதில். சூட்டு வலியா பேறுவலியா என்று தெரியாமல் அம்மா வைத்துத் தந்த சீரகத் தண்ணீரைக் குடித்துவிட்டு உட்கார்ந்திருந்த இரவில், இக்கருவியால் ஒரு பயனும் இருக்கவில்லை. வலி சீராக நெருங்கி வருகிறதா என்பதைக் கடிகாரம்தான் காட்டியது.

கருவியின் மீது எனக்குப் பகை இல்லை. இதே டாப்ளர் பயிற்சி பெற்ற கையில் மிக நல்ல கருவி. ஆரம்பச் சுகாதார நிலையங்களிலும் மருத்துவமனைகளிலும் அன்றாடம் பயன்படுகிறது. அடோல்ஃப் பினார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1895இல் வடிவமைத்த ஊதுகுழல் போன்ற எளிய கருவியைக் கொண்டு, மின்சாரமோ பேட்டரியோ இல்லாமல் குழந்தையின் இதய ஓசையையே நேரடியாகக் கேட்கும் செவிலியர்களும் இருக்கிறார்கள். கேட்பதை மற்றப் பரிசோதனைகளோடு சேர்த்துப் பொருள்கொள்ள ஒருவர் அருகில் இருப்பதுதான் அங்கெல்லாம் முக்கியம். அப்படி மருத்துவரே ஒரு காரணத்துக்காக வாங்கச் சொல்லி, எப்போது கேட்க வேண்டும், எந்த எண்ணுக்கு என்ன செய்ய வேண்டும் என்று கற்றுக்கொடுத்திருந்தால் வாங்கலாம். இயல்பிலேயே கவலைப்படும் சுபாவம் உள்ளவர்களுக்கு, அதாவது விளம்பரம் குறிவைக்கும் அதே பெண்களுக்கு, இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தொலைவில் இருக்கும் கணவருக்குத் துடிப்பைக் கேட்கவைக்க வேண்டும் என்ற ஆசைக்கு, அடுத்த பரிசோதனையின்போது மருத்துவரிடம் அனுமதி கேட்டுக் கைப்பேசியில் ஒலியைப் பதிவுசெய்து அனுப்பினால் போதும். அதற்குச் செலவும் இல்லை.

வாங்கியே தீருவது என்று இருப்பவர்களுக்கு ஒரு தகவல். உடலில் படும் பொருள் என்பதால், பெட்டியைப் பிரித்தபின் என் விற்பனையாளர் திரும்பப் பெற்றுக்கொள்ளவில்லை. அசைவு குறைந்தால் கருவியை நம்பாமல் உடனே மருத்துவரை அணுக வேண்டும் என்ற வரி கையேட்டின் கடைசிப் பக்கத்தில், பேட்டரியை அப்புறப்படுத்தும் முறைக்குக் கீழே, சிறிய எழுத்தில் இருக்கிறது. அந்த வரியைப் பெட்டியின் முகப்பிலேயே தமிழிலும் அச்சிட வேண்டும் என்று விற்பனையாளருக்கு எழுதியிருக்கிறேன். பதில் வந்தால் இந்த மதிப்பீட்டில் சேர்க்கிறேன்.